டக்கென்று வலி போகுமா? கைரோபிராக்டிக்கும் பிசியோதெரபியும்

குனிந்து எதையோ எடுத்தபோது குறுக்கு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. இரண்டு நாள் களிம்பு தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாயிற்று. அதற்குள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். "பிசியோதெரபிக்குப் போ" என்கிறார் ஒருவர். "அது மாசக்கணக்கில் இழுக்கும். கைரோபிராக்டிக் போனால் ஒரே அமுக்குதான், டக்கென்று எடுத்துவிடுவார்கள்" என்று ஒரு வீடியோவை நீட்டுகிறார் இன்னொருவர். வீடியோவில் ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்துகிறார்கள். 'டக்' என்று சத்தம் கேட்கிறது. படுத்திருந்தவர் முகம் மலர எழுந்து நடக்கிறார்.

எதற்குப் போவது என்று யாராவது கேட்டால், நான் முதலில் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் பேசுவேன். அது என்னவென்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நெட்டி முறியும் சத்தம்

விரலில் நெட்டி முறிக்கிறோமே, அதே சத்தம்தான் அது. நம் மூட்டுகளுக்குள் முட்டையின் வெள்ளைக்கரு போன்ற வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டின் இரண்டு பரப்புகளையும் சட்டென்று பிரித்தால் உள்ளே அழுத்தம் குறைகிறது. திரவத்தில் கரைந்திருந்த வாயு பிரிந்து ஒரு குமிழ் உண்டாகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விரலில் நெட்டி முறிவதை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்தே படம் பிடித்தார்கள். சத்தம் எழும் கணத்தில் மூட்டுக்குள் ஒரு வெற்றிடம் தோன்றுவது அதில் தெரிந்தது.

முதுகிலும் கழுத்திலும் கேட்பது இதுதான். விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தமாக இருந்தால், ஒருமுறை முறித்த விரலில் இருபது நிமிடம் கழித்து மறுபடி நெட்டி வரக் காரணமே இல்லை. நன்றாக இருக்கும் விரல் ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் ஒருமுறை விலகுவதில்லை.

அப்படியானால் வீடியோவில் வந்தவருக்கு வலி குறைந்தது பொய்யா? பொய்யில்லை. மூட்டையும் அதைச் சுற்றியுள்ள தசையையும் வேகமாக இழுக்கும்போது அங்கிருக்கும் நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன. இறுகியிருந்த தசை தளர்கிறது. வலியை மூளை உணரும் அளவு கொஞ்ச நேரத்துக்குத் தணிகிறது. நிம்மதி உண்மையானது. சில மணி நேரம் நீடிக்கலாம், சில நாளும் நீடிக்கலாம். கிடைத்த அந்த அவகாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கைரோபிராக்டிக் எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்றொரு ஊர். அங்கே டேனியல் டேவிட் பால்மர் என்பவர் காந்த சிகிச்சை செய்துவந்தார். 1895 செப்டம்பரில், அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகில் ஒரு முள்ளெலும்பு புடைத்திருப்பதாகக் கண்டு அதை அழுத்தினார். பல ஆண்டுகளாக மந்தமாக இருந்த அவருடைய செவித்திறன் அதனால் திரும்பியது என்று பால்மர் சொன்னார். கையால் செய்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து கைரோபிராக்டிக் என்ற பெயர் பிறந்தது. 1897இல் பால்மர் அதற்கென ஒரு பள்ளியும் தொடங்கினார்.

பால்மரின் கொள்கை மிக எளிமையானது. முள்ளெலும்பு சற்றே விலகி நரம்பை நெருக்குகிறது. அதனால்தான் நோய் வருகிறது. எலும்பைச் சரிசெய்தால் உடல் தானே குணமாகும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்களுக்கு இதுவே காரணம் என்று எழுதினார். இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. செவிப்புலனைக் கொண்டுசெல்லும் நரம்பு காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத்தண்டுக்குப் போய்விடுகிறது. முதுகுத்தண்டு வழியாக அது போவதே இல்லை. 2010இல் பிரிட்டனில் கைரோபிராக்டர்களை ஒழுங்குபடுத்தும் பொது கைரோபிராக்டிக் கவுன்சிலே, இந்த எலும்பு விலகல் கொள்கையை வரலாற்றுக் கருத்தாக மட்டுமே கொள்ள வேண்டும், நோய்க்கு அது காரணம் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை என்று அறிவித்தது.

இதை வைத்து இன்றைய கைரோபிராக்டர் எல்லோரையும் ஒதுக்கிவிடுவது சரியல்ல. பால்மரின் கொள்கையைக் கைவிட்டுவிட்டு, முதுகு, கழுத்து, மூட்டு வலிக்கு மட்டும் சான்றுகளின் அடிப்படையில் சிகிச்சை தருபவர்கள் பலர் இருக்கிறார்கள். அழுத்தி விடுவதோடு பயிற்சியும் சொல்லித்தருகிறார்கள். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இதற்கு உரிமம் வேண்டும். பிரிட்டனில் 1994 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டி, முழுநேரக் கைரோபிராக்டிக் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஆனால் இப்படி ஒழுங்குபடுத்தாத நாடுகளில் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டுப் பலகை மாட்டிக்கொள்பவரும் கைரோபிராக்டர்தான். ஒரே பெயருக்குள் இவ்வளவு தூரம் இருப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

பிசியோதெரபியின் வழி வேறு

இயன்முறை மருத்துவம் என்று தமிழில் சொல்லப்படும் பிசியோதெரபிக்கு ஒற்றை நிறுவனர் கிடையாது. ஸ்வீடனில் பேர் ஹென்ரிக் லிங் 1813இல் தொடங்கிய உடற்பயிற்சி நிறுவனம் ஒரு வேர். 1894இல் இங்கிலாந்தில் நான்கு செவிலியர் சேர்ந்து தொடங்கிய மசாஜ் பயிற்சியாளர் சங்கம் இன்னொரு வேர். முதல் உலகப்போரில் கைகால் இழந்தும் முறிந்தும் திரும்பிய வீரர்கள், அதைத் தொடர்ந்து அலையலையாக வந்த போலியோ என்று இந்தத் துறையை வளர்த்தவை பெரும் துன்பங்கள். செயலிழந்த தசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை கொடுத்தால் எவ்வளவு மீட்க முடியும் என்பதை அந்த நோயாளிகளின் படுக்கையருகில்தான் கற்றுக்கொண்டார்கள்.

அதனால் பிசியோதெரபிஸ்ட் கேட்கும் முதல் கேள்வியே வேறாக இருக்கும். எது விலகியிருக்கிறது என்று தேடுவதைவிட, உங்களால் எதைச் செய்ய முடியவில்லை என்றுதான் கேட்பார். படி ஏற முடியவில்லையா, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லையா, அரை மணி நேரம் உட்கார முடியவில்லையா? எந்த அசைவில் வலிக்கிறது, எந்தத் தசை வலுவிழந்திருக்கிறது என்று சோதிப்பார். பிறகு உங்கள் உடல் தாங்கும் சுமையை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போவார். பக்கவாதத்துக்குப் பின் நடை பழகுவது, மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் முட்டியை மடக்கப் பழகுவது, நுரையீரல் சளியை வெளியேற்றுவது எல்லாமே அவர்கள் வேலைதான். கைரோபிராக்டிக்கின் எல்லை பெரும்பாலும் முதுகுத்தண்டையும் மூட்டுகளையும் சுற்றியது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பிசியோதெரபிஸ்ட்டும் கையால் அழுத்தி விடுவார். மூட்டை மெல்ல அசைத்துத் தளர்த்துவதும், தேவைப்பட்டால் அந்த 'டக்' சத்தத்தோடு வேகமாக அழுத்துவதும் அவர்களில் பலர் கற்றுத் தேர்ந்த வித்தைதான். ஆக, கையால் செய்வதற்கு இவர், பயிற்சிக்கு அவர் என்று கோடு கிழிக்க முடியாது.

பயிற்சி ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது? உடலின் திசுக்கள் அவற்றின் வேகத்தில்தான் மாறும். தசைப் பிடிப்பு சில நாட்களில் விடும். சுளுக்கில் இழுபட்ட இணைப்புத்திசு தேற வாரங்கள் ஆகும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் இன்னும் மந்தம். அதற்கு மாதங்கள் வேண்டும். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் நாள்பட்ட வலியோடு அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு ஒரே வகைப் பயிற்சி கொடுத்தார்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். ஒரு முறைக்குப் பதினைந்து வீதம் மூன்று சுற்று, நாளுக்கு இருவேளை, 12 வாரம். முடிவில் பதினைந்து பேருமே மறுபடி ஓடினார்கள். சிறிய ஆய்வுதான், பின்னால் வந்த ஆய்வுகளில் இவ்வளவு முழுமையான வெற்றி இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு தசைநாண் வலிக்கு ஓய்வு மட்டும் போதும் என்ற எண்ணம் மாறிவிட்டது. எந்த அமுக்காலும் ஒரே நாளில் தசைநாணுக்கு அந்த வலுவைத் தர முடியாது.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது

இடுப்பு வலி, அதாவது கீழ்முதுகில் வரும் குறுக்கு வலி, உலகில் மிகப் பரவலான தொல்லைகளில் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் சுமார் 61.9 கோடிப் பேருக்கு அது இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு) என்று ஒற்றைக் காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. எண்பது வயதில் 84 பேருக்கு. தலை நரைப்பதைப் போல டிஸ்க்கும் மாறுகிறது. "உங்கள் எல்4-எல்5 டிஸ்க் விலகியிருக்கிறது" என்று ஸ்கேன் அறிக்கையில் படித்ததும் கால் நடுங்குகிறதே, அந்தப் பயம் எத்தனையோ பேரை நடக்கவிடாமலே முடக்கிவிடுகிறது. அறிக்கையை உங்கள் உடலைத் தொட்டுச் சோதித்தவர் விளக்கும்வரை அதற்கு நீங்களாக அர்த்தம் கொள்ளாதீர்கள்.

1998இல் நியூ இங்கிலாண்ட் மருத்துவ இதழில் வந்த ஒரு சோதனையில், இடுப்பு வலி உள்ள 321 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டிக், ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபிப் பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு வலியைப் பற்றி விளக்கும் சிறு கையேடு மட்டும். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. கையேடு மட்டும் வாங்கிப்போனவர்களைவிட அவர்கள் கொஞ்சம்தான் முன்னால் இருந்தார்கள். 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 47 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வும், நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதுகை அழுத்தும் சிகிச்சை மற்றப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு இணையான பலனையே தருகிறது என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் பயிற்சி, வலி பற்றிய விளக்கம், முதுகை அழுத்தும் சிகிச்சை, மசாஜ் எல்லாம் ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன. இடுப்புப் பட்டையும், இழுவை சிகிச்சையும் வேண்டாம் என்கிறது அது.

இடுப்பு வலியை மட்டும் வைத்துச் சொன்னால், எந்தக் கதவைத் தட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இடுப்பைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. கணுக்கால் சுளுக்கு, முட்டியில் ஜவ்வு கிழிந்தது, தோள்பட்டை இறுகிப்போனது, எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் பிரித்தது, விளையாட்டுக் காயம், அறுவை சிகிச்சைக்குப் பின் மீள்வது இவற்றுக்கெல்லாம் நான் தயங்காமல் பிசியோதெரபி என்றே சொல்வேன். காயம்பட்ட இடத்துக்கு மறுபடி வலுவேற்ற வேண்டிய வேலை அது. நெட்டி எடுப்பதற்கு அங்கே இடமே இல்லை. குறுக்குப் பிடிப்பு, நடு முதுகு இறுக்கம் போன்றவற்றில் முறையாகப் படித்த கைரோபிராக்டர் கைகொடுக்கக்கூடும். அழுத்திய பிறகு ஓரிரு நாள் உடம்பு வலிப்பது பலருக்கும் உண்டு, அதில் பயப்பட ஒன்றுமில்லை.

கழுத்து விஷயத்தில் மட்டும்

இங்கே நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கழுத்திலுள்ள முள்ளெலும்புகளின் துளைகள் வழியாக இரண்டு தமனிகள் மூளைக்கு ஏறுகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மிக அரிது. தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கி, அந்தக் கழுத்து வலியோடுதான் சிலர் சிகிச்சைக்கே வந்திருக்கலாம் என்ற வாதமும் உண்டு. எப்படியானாலும், மெதுவான அசைவும் பயிற்சியும் போதுமாக இருக்கும் கழுத்து வலிக்கு அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? என் வீட்டில் யார் கேட்டாலும் கழுத்தைச் சட்டென்று திருப்ப யாரையும் அனுமதிக்காதீர்கள் என்றே சொல்வேன். இதுவரை இல்லாத மாதிரிக் கழுத்து வலியோ தலைவலியோ திடீரென்று வந்து, கூடவே தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம் இருந்தால் இரண்டு பேரிடமும் போகக் கூடாது. நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

முதுகிலும் இப்படிச் சில அபாய அறிகுறிகள் உண்டு. இரண்டு தொடைகளுக்கு நடுவே, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றிப் போவது, கால் நாளுக்கு நாள் வலுவிழப்பது: முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நெருக்கப்பட்டிருக்கலாம். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் அது நிரந்தர ஊனமாகிவிடலாம். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்ததிலிருந்து வலி, எலும்பு மெலிவு உள்ள வயதானவருக்குத் திடீர் வலி என்றால் முதலில் மருத்துவர்தான். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை யாரும் வேகமாக அழுத்த விடவே கூடாது.

ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

பிசியோதெரபி என்றாலே 'கரண்ட் வைப்பது' என்று பேச்சுவழக்கில் ஆகிவிட்டது. போனதும் படுக்கவைத்து, மின்கருவியை மாட்டிவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து வந்து கழற்றி அனுப்பிவிடுகிற இடங்கள் இருக்கின்றன. 2016இல் வந்த பிரிட்டனின் தேசிய வழிகாட்டி, இடுப்பு வலிக்கு அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும், டென்ஸ் போன்ற மின்தூண்டல் சிகிச்சைகளும் தர வேண்டாம் என்றே சொல்கிறது. பத்து முறை போயும் ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தரவில்லை என்றால், வெளியே பிசியோதெரபி என்று பலகை இருந்தாலும் உள்ளே நடப்பது அது அல்ல.

கைரோபிராக்டிக் பக்கம் கவனிக்க வேண்டியவை வேறு. வருகிற எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்து, கோடு போட்டு, "பாருங்கள், வளைந்திருக்கிறது" என்று பயமுறுத்துவது. நாற்பது அமர்வுக்கு முன்பணம் கேட்பது. வாழ்நாள் முழுக்க மாதம் ஒருமுறை வரச் சொல்வது. ஆஸ்துமா, ரத்த அழுத்தம், காது அடைப்பு எல்லாம் தீரும் என்பது. கைக்குழந்தைக்கும் செய்வோம் என்பது. இதில் ஒன்று காதில் விழுந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

நல்லவரை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. முதல் நாளில் கை வைப்பதற்கு முன் நீண்ட நேரம் கேட்பார். நடக்க, குனிய, திரும்பச் சொல்லிப் பார்ப்பார். என்ன நடந்திருக்கலாம் என்று உங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்வார். எத்தனை வாரத்தில் எவ்வளவு மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடுத்து என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். வீட்டில் செய்ய இரண்டு மூன்று பயிற்சி கொடுத்து, அடுத்த முறை செய்தீர்களா என்று விசாரிப்பார். உங்களை அவரிடமே திரும்பத் திரும்ப வரவைப்பதைவிட, அவர் தேவையில்லாமல் ஆக்குவதில் அக்கறை காட்டுவார். இப்படிப்பட்ட கைரோபிராக்டர், கரண்ட் மட்டும் வைக்கிற பிசியோதெரபிஸ்ட்டைவிட எவ்வளவோ மேல்.

முதலில் பார்த்த அந்தக் குறுக்குப் பிடிப்புக்காரருக்கு வருவோம். அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால், இந்த வாரம் அவர் எங்கும் போக வேண்டியதில்லை. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். படுத்தே கிடந்தால் தேறத் தாமதமாகும். வலி பொறுக்கிற அளவுக்கு வீட்டுக்குள்ளேயாவது நடக்கட்டும், முடிந்த வேலையைச் செய்யட்டும், ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுத்துக்கொள்ளட்டும். வலி காலுக்குள் இறங்கினாலோ, இரண்டு மூன்று வாரம் ஆகியும் மாற்றமே தெரியாவிட்டாலோ, இதே வலி வருடத்தில் மூன்றாவது முறையாக வந்திருந்தாலோ பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கட்டும். போகும்போது எந்த அசைவில் வலிக்கிறது, எந்த நேரத்தில் அதிகம், எந்த வேலையை மறுபடி செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், முதல் அரை மணி நேரம் வீணாகாது.